முதலில் தண்ணீர், அப்புறம் தீனி

கோழிக்குக் காலையில் முதலில் தண்ணீர்தான் வைக்க வேண்டும், சார். தீனி அப்புறம். இரவெல்லாம் கூட்டுக்குள் அடைந்து கிடந்த கோழி தொண்டை காய்ந்துபோய் இறங்கி வரும். எடுத்த எடுப்பில் தவிட்டைப் போட்டால் அவசரமாக விழுங்கி, இரைப்பை கல் மாதிரி கட்டிக்கொள்ளும். நிறையப் பேர் இதில் தப்புச் செய்கிறார்கள். அப்புறம் கோழி சாகிறது, சீக்கு வந்துவிட்டது என்கிறார்கள்.

நீங்கள் கேட்டது கோழியைப் பற்றி இல்லை என்று தெரியும். அன்றைக்குக் காலையில் நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னீர்கள். அந்தக் காலை முழுக்கக் கோழி வேலைதான். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். நான் தமிழில் சொல்வதை நீங்கள் மலாயில் எழுத வேண்டும், அதனால் நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். பாம்பு கடித்த சாவுக்குப் போலீஸ் வருவது எங்கள் தோட்டத்தில் இதுதான் முதல் தடவை. போன வருஷம் என் புருஷனைக் கடித்தபோது ஒருவரும் வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொல்கிறேன்.

என் வீடு லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு. பின்கதவைத் திறந்தால் சாக்கடை, அதைத் தாண்டினால் கோழிக்கூடு, அதற்கப்பால் எண்ணெய்க்கு நட்ட செம்பனை. கூட்டைக் கட்டியது என் புருஷன் முருகையா. பழம் வெட்டுகிற வேலை அவருக்கு. மூசாங் என்கிற மரநாயும் உடும்பும் ஏறாமல் இருக்க இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டினார். முட்டையிடுவதற்கு ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தைக் கூட்டின் பக்கவாட்டில் படுக்கப் போட்டு, உள்ளே காய்ந்த லாலான் புல்லைத் திணித்து, வாயில் ஒரு சாக்குத் துண்டைத் தொங்கவிட்டார். கோழிக்கு இருட்டு வேண்டும், சார். வெளிச்சத்தில் முட்டையிட அதற்குக் கூச்சம்.

கூட்டைத் திறந்ததும் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். கொண்டை சிவப்பாக இருக்கிறதா, கண்ணில் நீர் வடிகிறதா, எச்சம் வெள்ளையாகப் போகிறதா. வெள்ளையாக இருந்தால் சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து உருட்டி வாயில் போட வேண்டும். பிறகு தண்ணீர். பிறகு தவிடு, பிழிந்த தேங்காய்ச் சக்கை, மிச்சச் சோறு. குஞ்சுக்குக் கறையான். அது தின்கிற நேரத்தில் கூட்டைக் கூட்டிச் சாம்பல் தூவ வேண்டும், பேன் வராது. பொழுது சாய்ந்தால் அடைக்க வேண்டும், முட்டையை எடுத்துவிட வேண்டும். முட்டையை ஒரு நாளும் இரவில் தகரத்தில் விடக் கூடாது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு எங்கள் பக்கம் எலி பெருத்துவிட்டது. எலிக்குப் பின்னாலேயே பாம்பு வந்தது. எலிக்கு வருகிறது முட்டையைக் கண்டால் விடாது.

இன்னொன்றும் முருகையா சொல்லிக் கொடுத்தார். காலையில் இறங்கிய கோழி தகரத்துப் பக்கம் போகாமல், ஒதுங்கி நின்று கழுத்தை நீட்டிக் கொக்கரித்தால், சாக்குக்குள் கை விடக் கூடாது. குச்சியால் தகரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதற்கென்றே கூட்டின் மேல் ஒரு குச்சியைச் செருகி வைத்திருந்தார்.

அவ்வளவு தெரிந்த மனிதரைக் கடித்தது மட்டை அடுக்கில். வெட்டிய மட்டையை வரிசைக்கு நடுவில் அடுக்கிப் போடுவார்கள். அதற்குள் படுத்திருந்தது, கறுப்பு நாகம். நான் அதே வரிசையில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். லோரி பக்கத்திலேயே நின்றது, பாதிக் குலை ஏற்றியபடி. லோரி ஓட்டுகிற உதுமான் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக்கூடக் கிளப்பிவிட்டார். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் சன்னாசிதான் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எல்லாப் பாம்பும் வெசப் பாம்பா? குலைய ஏத்தி முடிங்கலா. எப்படியும் மில்லுக்குத்தான் போவுது, போற வழியில ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி விட்டுறலாம்.”

“மண்டோரே, கண்ணு சொருவுது பாருங்க,” என்றேன்.

“பயத்துல சொருவும் தாயம்மா. தண்ணி குடு.”

தண்ணீர் கொடுத்தேன். அவரால் விழுங்க முடியவில்லை, கடைவாயில் வழிந்தது. ஆட்கள் ஒவ்வொரு குலையாகக் குத்தித் தூக்கி ஏற்றினார்கள். கடைசிக் குலையும் ஏறிய பிறகு, மேலே சாக்கு விரித்து அவரைப் படுக்க வைத்தோம். செம்பனைக் குலைக்கு முள் உண்டு, சார், தெரியுமல்லவா. சாக்கைத் தாண்டிக் குத்தும். அவர் முனகக்கூட இல்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. புக்கிட் ரோத்தான் முச்சந்தி வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார்கள். அவர்கள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னார்கள்.

சாவு வீட்டுக்குச் சன்னாசியும் வந்தார். பந்தலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே பேசினார். “வேல வேலதான். மில்லுக்காரன் கேப்பானா, தொர கேப்பாரா? என் வீட்டுல ஒருத்தருக்கு நடந்திருந்தாலும் நான் குலைய ஏத்தி முடிச்சிட்டுத்தான் நகந்திருப்பேன்.” யாரோ, ஆமாம் மண்டோரே, என்றார்கள். நான் உள்ளே பிணத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். அவ்வளவு ஒப்பாரிக்கு நடுவிலும் அது தெளிவாகக் கேட்டது.

அவர் அன்றைக்கு லோரியை நிறுத்தியதைக்கூட நான் மறந்திருப்பேன். மனிதன் அவசரத்தில் தப்பாக முடிவு செய்வான். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது உண்மையா பொய்யா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. உண்மையென்றால் அவர் சுபாவம் அப்படி, ஊருக்கெல்லாம் ஒரே சட்டம், விட்டுவிடலாம். பொய்யென்றால் அந்தச் சட்டம் முருகையாவுக்கு மட்டும் போட்டது.

காரியம் முடிந்ததும் லயத்துப் பெண்கள் சொன்னார்கள், பாம்புச் சாமி நாகம்மாவுக்கு ஏதோ குறை, வெள்ளிக்கிழமை புற்றில் முட்டை வை என்று. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவர்கள் வாயை அடைக்க வைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் முட்டை இருக்காது. அப்படி வைத்து வைத்துத்தான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். பாம்பும் கோழி மாதிரிதான், சார். பழக்கினால் பழகும். ஒரே இடத்தில் வைத்தால் அங்கே வரும். இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் கூடவே நகரும். புற்றிலிருந்து வாழைக்கட்டைக்குக் கொண்டுவந்தேன். வாழையிலிருந்து சாக்கடை ஓரத்துக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் வைத்தது போய், மற்ற நாளும் வைத்தேன். தாயம்மாவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்றார்கள். அப்போது என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. சும்மாதான் வைத்தேன்.

ராஜம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சன்னாசியின் சம்சாரம். மண்டோர் சம்சாரம் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. என்னோடு ஒரே கும்பலில் மருந்து தெளித்தவள். முருகையா போன பிறகு, காரியம் வரைக்கும் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தது அவள்தான். குடிக்காமல் வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டிவிட்டாள். புருஷன் செய்ததற்கு அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அவள் கண்ணைப் பார்த்தால் தெரியும்.

இந்த வருஷம் அவள் மகள் லீலாவதி பெரிய பிள்ளை ஆனாள். எங்களில் அப்படி ஆன பிள்ளைக்குக் காலையில் வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து, நல்லெண்ணெயோடு குடிக்கக் கொடுப்போம். இடுப்பெலும்பு கெட்டிப்பட வேண்டும் என்று. கடை முட்டை ஆகாது. நல்ல நாட்டுக்கோழி எங்கள் லயத்தில் என்னிடம்தான் இருந்தது. ராஜம்மா வந்தாள். வந்து, கேட்க வந்ததைக் கேட்காமல் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“என்ன ராஜம்மா, முட்டைதான? எடுத்துத் தாரேன் இரு.”

“அதில்லக்கா. நீ எடுத்துக் குடுக்கக் கூடாதாம். எங்க சொந்தத்துப் பெரியவங்க சொல்றாங்க.”

“தாலியில்லாத கைன்னா?”

அவள் தரையைப் பார்த்தாள். “தப்பா எடுத்துக்காதக்கா. நானே வந்து எடுத்துக்கிறேன். நீ தொடாம வெச்சிருந்தாப் போதும்.”

“அதுக்கென்ன. நான் தொடல. தகரத்துலயே கெடக்கட்டும். வெடியக்காலம் வந்து ஒங் கையாலயே எடுத்துக்க.”

அவளுக்கு மனசு ஆறிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது என்று எழுதாதீர்கள். எங்களுக்குள் இருக்கிற பழக்கம்தான் அது. நானும் என் புருஷன் இருந்தபோது இன்னொருத்தியைத் தள்ளி நிற்கச் சொன்னவள்தான்.

அன்றையிலிருந்து முட்டை இரவெல்லாம் தகரத்தில் கிடந்தது. அப்படி விடக் கூடாது என்று முன்பே சொன்னேன். ஆனால் தொடக் கூடாது என்றது அவர்கள். சாயங்காலமே வந்து எடுத்துக்கொண்டு போ என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாக்கடை ஓரத்தில் முட்டை வைப்பதையும் நிறுத்திவிட்டேன்.

ராஜம்மா தினமும் பெரட்டுக்கு முன்னால் வருவாள். பெரட்டு என்றால் விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. சன்னாசி அங்கே போய்விடுவார், இவள் இங்கே வருவாள். சாக்கைத் தள்ளிக் கையை உள்ளே விட்டு, துழாவி, முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். சேவலைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு. “இதுவும் எங்க வீட்டு மண்டோர் மாதிரிதான்க்கா. கூவுறதோட சரி, ஒரு வேலையும் செய்யாது.” நானும் சிரிப்பேன். ஒரு நாள் கை வெறுமனே வந்தது. “என்னக்கா, ஒண்ணையும் காணோம்?” என்றாள். “இன்னிக்கி இடல போல,” என்றேன். முந்தின நாள் கோழி இட்டுவிட்டுக் கத்தியதை நான் கேட்டிருந்தேன். பாம்பு தகரத்துக்கு வருகிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

சன்னாசிக்கே வைத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அதில் பிரயோசனமில்லை, சார். கடிபட்டவனுக்கு ஒன்றும் தெரியாது, கண் சொருகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து லோரியைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் எல்லாம் தெரியும். அவர் வீட்டில் அவரை விட்டால் இரண்டு பேர். லீலா சின்னப் பிள்ளை. பிள்ளையைத் தொட எனக்கு மனசு வராது. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

அன்றைக்குக் கூட்டைத் திறந்தேன். கோழிகள் இறங்கின. ஒன்றுகூடத் தகரத்துப் பக்கம் போகவில்லை. ஒதுங்கி, வேலியோரமாக நின்று கொக்கரித்தன. சேவல் கழுத்தை நீட்டி ஒரே இடத்தைப் பார்த்தது. குச்சி கூட்டின் மேல் முருகையா வைத்த இடத்தில்தான் இருந்தது. நான் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வரும்போது ராஜம்மா வந்துவிட்டாள். தலை குளித்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, நாளைக்கி லீலாவுக்குத் தண்ணி ஊத்துறோம். நீ வரணும்.”

“நான் எதுக்கு? ஒங்க சொந்தத்துப் பெரியவங்க மொகம் சுளிப்பாங்க.”

“அவங்க கெடக்கறாங்க. பின்னால நின்னாவது பாரு. நீ இல்லாம எப்படிக்கா?”

பேசிக்கொண்டேதான் கையை விட்டாள். ஸ் என்று இழுத்தாள், ஆனால் முட்டையை விடவில்லை. முட்டையோடுதான் கை வெளியே வந்தது.

“என்னமோ குத்திருச்சுக்கா.”

“தகரத்து வெளிம்பு கிழிச்சிருக்கும். உக்காரு.”

இன்னொரு வாளியைக் கவிழ்த்து, கூட்டுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன். அவள் பின்னால் கறுப்பாக ஒன்று தகரத்திலிருந்து வழுக்கி இறங்கிச் சாக்கடைப் பக்கம் போனது. அவள் பார்க்கவில்லை. லோரியில் போகும்போது, அக்கா தகரம்தான்னு சொன்னாங்க, என்று அவள் புலம்பியதாகச் சொன்னீர்கள். ஆமாம். நான்தான் சொன்னேன்.

அதன் பிறகு என் வேலையைப் பார்த்தேன். முதலில் தண்ணீர் வைத்தேன், பழைய தண்ணீரைக் கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கழுவி. ஒவ்வொன்றாகக் கொண்டையைப் பார்த்தேன். ஒரு பெட்டைக்குக் கண்ணில் நீர் வடிந்தது, துடைத்துவிட்டேன். ராஜம்மா, கை வீங்குதுக்கா, என்றாள். தவிட்டைப் பிசைந்தேன். கட்டியில்லாமல் பிசைய வேண்டும். அவள் கொஞ்ச நேரம் லீலாவுக்கு எடுத்த சேலையைப் பற்றிப் பேசினாள். பேச்சு குழறியது. கூட்டைக் கூட்டினேன்.

“அக்கா, கண்ணு மங்குது. அவர வரச் சொல்றியா?”

“வெறும் வயிறு, அதான். இரு ராஜம்மா, கோழி வேலைய முடிச்சிட்டுப் போலாம்.”

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. சாம்பல் தூவும்போது பார்த்தேன், அவள் இமை இரண்டும் பாதிக்கு இறங்கியிருந்தன. முருகையாவுக்கும் அப்படித்தான் இறங்கியது. முட்டை மட்டும் மடியில் பத்திரமாக இருந்தது. குஞ்சுக்குக் கறையான் தட்டிப் போட்டேன். கையைக் கழுவினேன். பிறகு பெரட்டுக் களத்துக்கு நடந்தேன்.

ஆட்கள் வரிசையில் நின்றார்கள். முந்தின நாள் பழம் ஏற்றிய லோரி பக்கத்தில் நின்றது. “மண்டோரே, ராஜம்மாவ பாம்பு கடிச்சிருச்சு,” என்றேன். மனிதர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். வந்து, லோரியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மேலே முழுக்கக் குலை.

“தள்ளு. எல்லாத்தையும் கீழ தள்ளு,” என்று கத்தினார்.

“நேரம் போவுது மண்டோர். அப்படியே மேல படுக்க வெச்சிப் போயிறலாம்,” என்றார் உதுமான்.

“முள்ளு மேலயா? அவளயா?”

ராஜம்மாவைத் தரையில் கிடத்திவிட்டு அவரே ஏறி வெறுங்கையால் குலையை இழுத்துத் தள்ளினார். கையெல்லாம் ரத்தம். ஆட்களும் ஏறினார்கள். அதற்கே எவ்வளவு நேரம் போனது என்று உதுமானைக் கேளுங்கள். நான் லோரிக்குப் பக்கத்தில் நின்றேன்.

“ஏத்துனது ஏத்துனதாவே இருக்கட்டுமே மண்டோரே. எப்படியும் மில்லுக்குத்தான போவுது,” என்றேன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று பேசுகிற குரலில்தான் சொன்னேன்.

அவர் ஒரு குலையைக் கட்டிப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. குலையைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பசி எடுத்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு.

ராஜம்மாவுக்குப் புக்கிட் ரோத்தான் முச்சந்தியைத் தாண்டித்தான் உயிர் போனதாக உதுமான் சொன்னார். முருகையாவைவிடக் கொஞ்ச தூரம் கூடப் போயிருக்கிறாள்.

சன்னாசி பந்தலில் சொன்னது பொய். தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டேன். பாம்பைக் கூப்பிட்டது நான், தகரத்தில் இருப்பது தெரிந்தும் பேசாமல் இருந்தது நான், வேண்டுமென்றே நேரம் கடத்தியது நான். நாகம்மா கேட்டுவிட்டாள் என்று லயத்தில் சூடம் கொளுத்துகிறார்களாம். அது வேண்டாத பேச்சு. சாமிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது அந்த முட்டை வாளிக்குப் பக்கத்தில் உடையாமல் கிடந்தது. நான் தொடவில்லை. பிள்ளைக்கு எடுத்ததாயிற்றே. இப்போது யாராவது என் கூட்டைத் திறந்துவிட்டார்களா, சார்? வெயில் ஏறிவிட்டது. திறக்கிறவர்களிடம் சொல்லுங்கள், முதலில் தண்ணீர். கோழிகளை லீலாவே வைத்துக்கொள்ளட்டும், அந்தப் பிள்ளைக்கு இனி யார் பார்த்துச் செய்வார்கள்.

பகை உண்டா என்று கேட்டீர்கள். சன்னாசியோடு உண்டு, எழுதிக்கொள்ளுங்கள். ராஜம்மாவுக்கும் எனக்கும் ஒரு நாளும் ஒரு மனத்தாங்கல் இருந்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவளைக் கேட்டால் அவளே சொல்வாள்.